சுங்கை சிப்புட்டிலிருந்து ராக் இசை நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்கு

"கோலாலம்பூரில் ஏதோ ராக் இசை நாடகமாம், மகள் டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்கிறாள், அங்கெல்லாம் நாம் போய் உட்காரலாமா, கிராணி ஐயா?" என்று மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் பசியாறும்போது யாராவது கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற பிறகு, ஆண்டுக்கு ஒரு முறையாவது இப்படிப்பட்ட நாடகத்துக்குப் போய் வருகிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம் என்பதே என் பதில். ஆனால் திரைப்படத்துக்குப் போவதுபோல டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நேரே போய் உட்கார்ந்தால், கொடுத்த பணத்தில் பாதி வீண் என்றுதான் சொல்வேன். பழைய நினைவுகளை நம்பி எழுதப்பட்ட ராக் நாடகம், பார்க்க வருகிறவர் அந்தப் பாட்டுகளை ஏற்கெனவே மனத்தில் சுமந்துகொண்டு வருவார் என்று எதிர்பார்க்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் ரயிலையும் இருக்கையையும் விடப் பாட்டுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த வகை நாடகம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ராக் இசை நாடகம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. 1968இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேக்கு வந்த 'ஹேர்', 1971இல் வந்த 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' போன்றவற்றில் பாட்டுகள் அந்தக் கதைக்கென்றே இயற்றப்பட்டவை. அவற்றைப் பார்க்கப் பழைய நினைவு எதுவும் தேவையில்லை. 1972இல் பிராட்வேயில் தொடங்கிய 'கிரீஸ்' நாடகத்தின் பாட்டுகளும் புதிதாக எழுதப்பட்டவைதாம் என்றாலும், 1950களின் ராக் அண்ட் ரோல் மெட்டுகளைப்போலவே அவை அமைக்கப்பட்டிருப்பதால், கேட்பவருக்கு எங்கேயோ கேட்டதுபோன்ற மயக்கம் உண்டாகும். மூன்றாவது வகைதான் இப்போது ஊர் ஊராகப் பயணம் செய்து அதிகம் மேடையேறுவது: வானொலியிலும் ஒலிநாடாவிலும் முன்பே புகழ்பெற்ற பாட்டுகளை எடுத்து, அவற்றைக் கோத்து ஒரு கதை பண்ணுவது. காசு போட்டால் பாடும் பெட்டியை நினைத்து இதனை ஜூக்பாக்ஸ் நாடகம் என்பார்கள். குவீன் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் பாட்டுகளைக் கொண்டு 2002இல் லண்டன் டொமினியன் அரங்கில் தொடங்கி 2014 வரை ஓடிய 'வீ வில் ராக் யூ', 1980களின் அமெரிக்க ராக் பாட்டுகளைக் கொண்டு 2009இல் பிராட்வேக்கு வந்த 'ராக் ஆஃப் ஏஜஸ்' ஆகிய இரண்டும் இந்த வகையே.

இந்த மூன்றாம் வகையில் கதை மெலிந்திருக்கும். அதைக் குறையாகச் சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த நாடகங்களுக்குப் போனவர்கள் வள்ளியின் கதை தெரியாமலா போனார்கள்? தெரிந்த கதையில் பாட்டு எப்போது வரும், எப்படி வரும் என்று காத்திருக்கத்தான் போனார்கள். 'ராக் ஆஃப் ஏஜஸ்' நாடகத்தில் கதையை நிறுத்திப் பார்வையாளரோடு நேரே பேசிக் கேலி செய்யும் ஒருவன் வருவான். தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதையே அவனும் செய்கிறான். அவனைக் கட்டியங்காரன் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் நாடகம் உடனே பிடிபட்டுவிடும். ஒரே ஒரு வேறுபாடு: நம் பழைய நாடகக் கொட்டகையில் 'ஒன்ஸ்மோர்' என்று கத்தினால் மறுபடி பாடுவார்கள், இங்கே பாட மாட்டார்கள், ஒளியும் ஒலியும் காட்சி மாற்றமும் நொடிக்கணக்கில் முன்பே பொருத்தப்பட்டிருக்கும்.

பாட்டுகளைக் கேட்டுவிட்டுப் போங்கள்

டிக்கெட் எடுத்த நாளுக்கும் நாடக நாளுக்கும் இடையே மூன்று நான்கு வாரமாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அந்த வாரங்களைப் பாட்டு கேட்பதற்குப் பயன்படுத்துங்கள். நாடகத்தின் பெயரோடு பாட்டுப் பட்டியல் என்று கைப்பேசியில் தேடினால் இருபது முப்பது பாட்டுகளின் பெயர் கிடைக்கும். முதலில் அவற்றை மூலக் குழுவின் குரலிலேயே கேளுங்கள். காலையில் பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் வழியில் காரில் இரண்டு பாட்டு என்றாலும் போதும். பட்டியல் பழகிய பிறகு, நாடக நடிகர்கள் பாடிய ஒலிப்பதிவைக் கேளுங்கள். இந்த இரண்டாம் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் பாடிய காதல் பாட்டை நாடகத்தில் இருவர் பகிர்ந்துகொண்டு சண்டையாக மாற்றியிருப்பார்கள். ஆண் பாடியதைப் பெண் பாடுவாள். ஒரு பாட்டின் பல்லவியும் வேறொரு பாட்டின் சரணமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும். மூலப் பாட்டு நமக்குத் தெரிந்திருந்தால்தான் அந்த மாற்றம் சிரிப்பையோ சிலிர்ப்பையோ தரும். தெரியாவிட்டால் அது வெறும் சத்தம்.

"எங்களுக்கு இங்கிலீஷ் ராக்கெல்லாம் ஏது?" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ராக் அந்நியம் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பினாங்கிலிருந்து கிளம்பிய அலிகேட்ஸ் குழுவில் முன்னால் நின்று பாடிய டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் நம் வீட்டுப் பிள்ளைகள்தாம். டேவிட்டின் அந்தப் பெரிய சுருள்முடியை மறந்தவர் நம் வயதில் யாரும் இருக்க மாட்டார்கள். 1980களில் செர்ச், விங்ஸ் குழுக்களின் மலாய் ராக் பாட்டுகள் ஒலிக்காத பஸ் ஏது? நீண்ட முடி வைத்த ராக் பாடகர்கள் அரசின் ஆர்.டி.எம். தொலைக்காட்சியில் தோன்றக்கூடாது என்று 1992இல் தடை வந்து, செர்ச் குழுவினர் முடியை வெட்டிக்கொண்டது அப்போது ஊர்ப் பேச்சாக இருந்தது. மேடையில் தோள்வரை விக் போட்டுக்கொண்டு ஒருவன் கித்தாரைத் தூக்கிக்கொண்டு வரும்போது எனக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வரும்; பக்கத்து இருக்கைக்காரர் வேறு எதற்கோ சிரிப்பார், நான் இதற்குச் சிரிப்பேன். குவீன் குழுவின் பிரெடி மெர்குரி சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, இந்தியாவில் பஞ்ச்கனி பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவர் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். 1975இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' என்ற ஏறக்குறைய ஆறு நிமிடப் பாட்டை அப்படி நினைத்துக்கொண்டு கேட்கும்போது அது அவ்வளவு தூரத்துப் பாட்டாகத் தோன்றாது.

கதைச் சுருக்கத்தையும் முன்பே படித்துவிடுங்கள். ராக் இசையில் முரசும் கித்தாரும் சொற்களை விழுங்கிவிடும்; ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே பாதி வரிகள் காதில் விழாது. யார் யாருக்கு என்ன உறவு என்பது தெரிந்திருந்தால், வரிகளைத் துரத்தாமல் மேடையைப் பார்க்கலாம்.

டிக்கெட்டும் இருக்கையும்

அரங்கத்தின் இணையத்தளத்திலோ, அது கைகாட்டும் விற்பனைத் தளத்திலோ மட்டும் வாங்குங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருமுறை டிக்கெட் தீர்ந்துவிட்டது என்றதும், "போக முடியவில்லை, பாதி விலைக்குத் தருகிறேன்" என்று முகநூலில் எழுதியிருந்த ஒருவருக்குப் பணம் அனுப்பி, கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்த கியூ.ஆர். படத்தைக் கைப்பேசியில் வாங்கிக்கொண்டேன். வாசலில் நின்ற பெண் அதன்மேல் கருவியைக் காட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் மறுபடி காட்டினார், மறுபடியும் சிவப்பு. "ஐயா, இந்தச் சீட்டில் ஏற்கெனவே ஒருவர் உள்ளே போய்விட்டார்" என்று தணிந்த குரலில் சொன்னார். ஒரே படத்தை எத்தனை பேருக்கு விற்றிருக்கிறான் பாருங்கள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எனக்காக ஒதுங்கி வழிவிட்டதுதான் பணம் போனதைவிட வலித்தது.

நாளையும் வேளையையும் இருமுறை பாருங்கள். வார இறுதியில் ஒரே நாளில் பிற்பகல் காட்சியும் இரவுக் காட்சியும் இருக்கக்கூடும். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்குப் பிற்பகல் காட்சியே நல்லது. இரவுக் காட்சி முடியப் பதினொரு மணி ஆகிவிடும், அதன் பிறகு வடக்கே ரயில் கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது.

இருக்கையைப் பொறுத்தவரை, விலை அதிகம் என்றால் சுகம் அதிகம் என்ற கணக்கு ராக் நாடகத்துக்குச் செல்லாது. முதல் மூன்று நான்கு வரிசைகளில் முரசின் ஓசை மேடையிலிருந்து நேரே வந்து முகத்தில் அடிக்கும். பாடகரின் குரலோ தலைக்கு மேலே தொங்கும் ஒலிபெருக்கிகள் வழியாக உங்களைத் தாண்டிப் பின்னால் போய்விடும். தரைத்தளத்தின் பின்பகுதியில் ஒலிக்கலவை மேசை ஒன்றைப் பார்க்கலாம். நூற்றுக்கணக்கான பொத்தான்களுடன் அதன்முன் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் தம் காதுக்கு நன்றாக இருக்கும்படிதான் எல்லாவற்றையும் கலக்குகிறார் என்பதால், அந்த மேசைக்கு முன்னால், நடுப்பகுதியில் கிடைக்கும் இருக்கையே ஒலிக்கு உகந்தது. நடனமும் ஒளியும் முழுதாகத் தெரிய வேண்டும் என்கிறவர்கள் முதல் மாடத்தின் நடு வரிசையை எடுக்கலாம். ஓர இருக்கைகள் மலிவு. ஆனால் மேடையின் ஒரு பக்கம் மறைந்துவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்மாடத்தைத் தவிருங்கள்; படிகள் செங்குத்தாக இருக்கும்.

போகும் வழி

சுங்கை சிப்புட்டில் நிற்கும் ரயில்கள் குறைவு. ஈப்போவுக்குப் போய்விட்டால் ஈ.டி.எஸ். எனும் மின்சார விரைவு ரயில்கள் அதிகம், காரில் அரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின் ஆகும். ஈப்போவிலிருந்து கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு இரண்டரை மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறையிலும் பெருநாள் காலத்திலும் ரயில் இருக்கை நாடக இருக்கையைவிட முன்பே தீர்ந்துவிடும் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் பதிவு செய்யுங்கள். அறுபது வயது கடந்த குடிமக்களுக்கு ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. மைகார்டு அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

தேசிய அரங்கமான இஸ்தானா புடாயாவில் நாடகம் என்றால், கே.எல். சென்ட்ரலில் இறங்கி, நு சென்ட்ரல் பேரங்காடியைக் கடந்து மோனோரயில் நிலையத்துக்கு நடக்க வேண்டும். அங்கிருந்து புறப்பட்டதும் வரும் முதல் நிறுத்தத்தின் பெயர் துன் சம்பந்தன். அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரரின் பெயரைக் கோலாலம்பூர் ரயிலில் அறிவிக்கக் கேட்பது எனக்கு ஒவ்வொரு முறையும் தனி மகிழ்ச்சி. பதினொரு நிலையங்கள் கொண்ட அந்தப் பாதையில் கடைசி நிலையமான தீத்திவங்சாவில் இறங்குங்கள். ஜாலான் துன் ரசாக் என்றால் நம்மில் பலருக்குப் பெரிய ஆஸ்பத்திரி மட்டும்தான் நினைவுக்கு வரும். அதற்கு அருகே, தேசியக் கலைக்கூடத்தை ஒட்டி, வாவ் பூலான் பட்டம் பறப்பதைப்போலக் கூரை விரித்து நிற்பதுதான் 1999இல் திறக்கப்பட்ட இஸ்தானா புடாயா. நடக்கும் தூரம்தான் என்றாலும், பட்டுச் சேலையோடு வெயிலில் அந்தப் பெருஞ்சாலையைக் கடப்பதைவிட நிலையத்திலிருந்து ஒரு கிராப் வாடகை வண்டி எடுப்பது மேல்.

எல்லா நாடகமும் அங்கேயே நடப்பதில்லை என்பதால் டிக்கெட்டில் அரங்கின் பெயரைப் பாருங்கள். செந்தூலில் 2005இல் திறக்கப்பட்ட கே.எல்.பேக் அரங்கம் பழைய ரயில்வே கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து அமைத்தது. செந்தூல் ரயில்வே பட்டறையில் நம் தாத்தாக்கள் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று எண்ணிப்பார்த்தால், அங்கே போக நமக்குத் தயக்கம் வர நியாயமில்லை. இரவு தங்க வேண்டுமானால் பிரிக்பீல்ட்ஸில் அறை எடுங்கள். கே.எல். சென்ட்ரல் நடக்கும் தூரம், வாழையிலைச் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை.

உடையும் வாசலும்

ராக் என்றதும் கிழிந்த ஜீன்ஸும் வட்டக்கழுத்து டி-சட்டையும் போட்டுக்கொண்டு கிளம்பும் இளைஞர்களுக்கு இது. இஸ்தானா புடாயா போன்ற அரங்கில் உடைக் கட்டுப்பாடு உண்டு. மேடையில் ராக் நடந்தாலும் கட்டடம் தேசிய அரங்கம். ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை அல்லது பாத்தேக் சட்டை, நீளக் கால்சட்டை, மூடிய காலணி. பெண்களுக்குச் சேலை, சுடிதார், மலாய்ப் பெண்களின் பாஜு கூரோங் எதுவும் பொருந்தும். செருப்பு கூடவே கூடாது. குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், ஒரு சால்வை வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளை உள்ளே விடுவதில்லை. வயது வரம்பை டிக்கெட் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரம் முன்பாகப் போய்ச் சேருங்கள். கைப்பேசியில் சார்ஜ் இருக்கட்டும். டிக்கெட் படத்தை முன்பே சேமித்துத் திரையின் ஒளியைக் கூட்டி வைத்துக்கொண்டால் வாசலில் தடுமாற வேண்டியதில்லை. நாடகம் தொடங்கிய பிறகு வருகிறவர்களை, ஏற்ற ஒரு பாட்டு முடியும்வரை வெளியே நிறுத்திவைப்பார்கள். முறுக்கும் கச்சானும் பையிலேயே இருக்கட்டும். அரங்கத்தின் முன்கூடத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைகளைப் படியுங்கள்: வெட்டி வெட்டி மின்னும் விளக்கு, புகை, உரத்த ஒலி என்று போட்டிருக்கும். வலிப்பு நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் அதை அலட்சியம் செய்யக்கூடாது.

விளக்கு அணைந்த பிறகு

திரை விலகுவதற்கு முன் முழு இருட்டு. எங்கிருந்தோ முரசுக்காரர் இரண்டு குச்சிகளையும் தட்டும் ஓசை: டக், டக், டக், டக். அடுத்த கணம் எல்லாக் கருவியும் ஒன்றாக வந்து விழும்போது, பேஸ் கித்தாரின் அதிர்வு காதுக்கு வருவதற்கு முன்பே நாற்காலியின் கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும். முதன்முறை என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, "தைப்பூசத்தில் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருக்குங்க" என்றாள். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியவில்லை. இசைக்குழு பல நேரங்களில் மேடையின் மேலேயே, நடிகர்களோடு நடிகர்களாக நிற்கும். நாடகக் கொட்டகையில் ஹார்மோனியக்காரரைப் பார்த்தது போல அவர்களையும் அவ்வப்போது பாருங்கள்.

தெரிந்த பாட்டு வந்தால் உதடு தானாக அசையும். அசையட்டும், குரல் வேண்டாம். நடிகர்களே கையை உயர்த்தி அழைக்கும் இடம் வரும், அப்போது வாய்விட்டுப் பாடலாம். பாட்டு முடிந்து விளக்கு சட்டென்று மங்கும்போது கைதட்டுங்கள். நடுவில் தட்டினால் அடுத்த வசனம் கெடும். படம் பிடிக்கக்கூடாது. பிடிக்கலாம் என்று அவர்களே சொல்லும் நாடகங்களில் அது இறுதி வணக்கத்துக்கு மட்டுமே.

இடைவேளை கால் மணியிலிருந்து இருபது நிமிடம். பெண்கள் கழிவறை வரிசை நீளும், விளக்கு எரிந்ததும் எழுந்துவிடுங்கள்.

இறுதிப் பாட்டு முடிந்து நடிகர்கள் வணங்க வந்த பிறகும் கிளம்பிவிடாதீர்கள். இந்த வகை நாடகங்களில் வணக்கத்துக்குப் பிறகு ஒரு பாட்டோ, பல பாட்டுகளின் தொகுப்போ வரும். எல்லோரும் எழுந்து நின்று ஆடுவார்கள். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் உட்கார்ந்தே தாளம் போடலாம், ஆனால் முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். இதை முன்பே எண்ணித்தான் நான் இப்போது மாடத்தின் முதல் வரிசையை விரும்புகிறேன்.

காதைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைந்து, 100 டெசிபலில் கால் மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது என்பது தொழிலிடக் கணக்கு. நம் செம்பனை ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் காதில் வைத்துக்கொள்ளும் நுரைப்பஞ்சு அடைப்பானையே நாடகத்துக்கும் எடுத்துப்போகலாம்: விரலால் உருட்டி மெல்லியதாக்கி, மறுகையால் காதை மேல்நோக்கி இழுத்து உள்ளே விட்டு, அது விரிந்து பொருந்தும்வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டு நின்றுவிடாது, கூர்மை மட்டும் குறையும். அடைப்பான் இல்லாமல் போய்விட்டு வந்து, அன்றிரவு அறையில் படுத்திருக்கும்போது காதில் சில்வண்டு சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மறுநாளுக்குள் அடங்கிவிடும். இரண்டு நாள் கழித்தும் அடங்காவிட்டால் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள், அடுத்த நாடகத்துக்கு அடைப்பானை முதலில் பையில் போடுங்கள்.